சென்னை வீட்டுக்கு எந்த இலந்தை?

தை பிறந்ததும் சென்னைத் தெருக்களில் இரண்டு விதமான இலந்தை விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஒன்று தள்ளுவண்டியில் பச்சைப் பசேலென்று, சின்ன ஆப்பிள் அளவில், தராசில் எடை போட்டுத் தருவது. இன்னொன்று பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும் கூடைக்காரம்மா காகிதத்தில் மடித்துத் தருவது; சுருங்கிச் சிவந்து, பத்தடி தள்ளியே வாசனை வரும். இரண்டையும் வாங்கித் தின்றவர்களில் யாராவது ஒருவருக்கு ஆசை வந்துவிடும்: வீட்டிலேயே ஒன்று வைத்தால் என்ன?

வைக்கலாம். இந்த ஊர் வெயில், போர் தண்ணீரின் உப்பு, பராமரிப்பில் நாம் காட்டும் அலட்சியம் எல்லாவற்றையும் தாங்கும் பழமரம் இலந்தையைவிட வேறு அதிகமில்லை. எதை வைப்பது என்பதில்தான் குழப்பம். நர்சரிக்குப் போனால் அன்றைக்கு நர்சரிக்காரரிடம் இருப்பதுதான் உலகத்திலேயே சிறந்த ரகம். ஊர்ப் பெரியவரைக் கேட்டால் நாட்டு இலந்தையைத் தவிர மற்றதெல்லாம் தண்ணிப் பழம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் தரை இருக்கிற வீட்டுக்கு, நாட்டு விதையை அதே இடத்தில் ஊன்றி, வளர்ந்த பின் அதன்மேல் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டுவதுதான் சரி. மொட்டைமாடி மட்டும் இருப்பவர்களுக்கு ஆப்பிள் இலந்தை, அதாவது அந்தத் தள்ளுவண்டிப் பச்சைக் காய். வருடத்துக்கு ஒருமுறை மரத்தை மொட்டையாக வெட்ட மனம் வராதவர்கள் எதையும் வைக்காமல் கூடைக்காரம்மாவிடமே வாங்கிக்கொள்வது நல்லது. ஏன் என்பதைத்தான் இனிமேல் சொல்கிறேன்.

நாட்டு இலந்தை

இதற்கு அறிமுகம் வேண்டாம். கொட்டையைத் துப்பிய இடத்தில் முளைக்கிற மரம். ஆணிவேர் ஆழமாகப் போகிறது. அதனால்தான் சித்திரை வெயிலில் பக்கத்துச் செம்பருத்தி தலை தொங்கினாலும் இது அசையாமல் நிற்கும். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை மாதிரி மென்மயிர். இலைக்காம்பு ஒட்டும் இடத்தில் இரண்டு முள்: ஒன்று நேராக இருக்கும், மற்றது கொக்கி. நேர் முள் குத்தும். கொக்கி முள் சட்டையைப் பிடித்து நிறுத்தி, இன்னும் நாலு நேர் முள் குத்துவதற்கு வழி செய்யும்.

பழம் சிறியது. சதை மெல்லியது, கொட்டை பெரியது. ஆனால் புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் ஒரே வாயில் கிடைப்பது இதில் மட்டும்தான். இலந்தை வடைக்கு வேறு எந்த ரகமும் சரிப்படாது. பழுத்துச் சற்றே உலர்ந்த நாட்டுப் பழத்தைக் கொட்டையோடு உரலில் போட்டு, காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், கொஞ்சம் புளி, பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டி வெயிலில் காய வைக்கிற பண்டம் அது. பழத்திலேயே புளிப்பும் பிசுபிசுப்பும் இருந்தால்தான் வடை பிடிக்கும். ஆப்பிள் இலந்தையை இடித்தால் உரலில் சாறு நிற்கும். அதைக் காய வைத்துப் பார்ப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

நாட்டு மரத்தின் குறைகளும் சொல்ல வேண்டும். விதைக் கன்று காய்க்கச் சில வருடங்கள் பிடிக்கும். காய்த்த பிறகுதான் அதன் பழம் எப்படி என்று தெரியும், ஏனென்றால் விதையிலிருந்து வருவது தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. தேன்போல இருந்த பழத்தின் கொட்டையை ஊன்றியவருக்குப் புளிக் காய் வருவதும் உண்டு. மரம் பெரிதாகப் படரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலந்தைக்குச் சொல்லும் இடைவெளி 8 மீட்டருக்கு 8 மீட்டர். அதாவது பக்கத்துக்கு 26 அடி. அரை கிரவுண்டில் வீட்டைக் கட்டிவிட்டு, பக்கவாட்டில் ஐந்தடி விட்டிருக்கும் நாம் அந்த 26 அடிக்கு எங்கே போவது? கத்திதான் ஒரே வழி.

முள் மரம் வீட்டில் ஆகாது என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கம் கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலில் தலமரமே இலந்தைதான் என்று அவர்களிடம் சொல்லலாம். ஓடி விளையாடுகிற குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மட்டும் அந்த எச்சரிக்கையை வேறு காரணத்துக்காகக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள்.

வடக்கத்தி ஒட்டு ரகங்கள்

உம்ரான், கோலா, பனாரசி, கைதாலி. பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைக்கிற பெயர்கள் இவைதான். எல்லாமே நம் நாட்டு இலந்தையின் அதே இனம். வடக்கே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கியவை. உம்ரான் ராஜஸ்தானின் ஆல்வார் பக்கத்திலிருந்து வந்தது. முட்டை வடிவம், தங்க மஞ்சளாகி, நன்றாகப் பழுத்தால் சாக்லேட் பழுப்புக்குப் போகும். தோல் தடிப்பு என்பதால் பறித்த பின் சற்று நாள் தாங்கும். கோலா உருண்டை, சாறு மிகுந்தது, முந்திப் பழுப்பது.

சென்னைக்கு இந்த முந்தியது பிந்தியது விஷயம் முக்கியம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இலந்தையின் பூ காயாகி வளர்வதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். பழம் பழுக்கும்போது மழை பெய்தால் இனிப்பு இறங்கிவிடும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் பழுக்கிற உம்ரான் எனக்கு இந்த ஊருக்குப் பொருத்தமாகப் படுகிறது. ராஜஸ்தானின் வறட்சியில் கோலாவுக்கு இருக்கும் பெயரை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

சுவையில் இவை நடுவில் நிற்பவை. நாட்டு இலந்தையின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆப்பிள் இலந்தையின் சதைப்பற்றும் கொஞ்சம் இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன, ஊறுகாய் போட, வெல்லப் பாகில் போட, இரண்டாகப் பிளந்து வற்றல் போட எல்லாவற்றுக்கும் ஆகும். ஒரே மரம்தான் வைக்க முடியும், பழம் பலவிதத்தில் பயன்பட வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சிக்கல் என்னவென்றால் சென்னை நர்சரிகளில் இவற்றை இப்போது பார்ப்பதே அபூர்வம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் வரிசையாக இருக்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஆப்பிள் இலந்தையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பண்ணை இருக்கிறது, அங்கே முதலில் விசாரிப்பது மேல்.

ஆப்பிள் இலந்தை

தாய்லாந்து வழியாக வந்த பெரிய காய் ரகம். காய் ஒவ்வொன்றும் ஐம்பது கிராமைச் சாதாரணமாகத் தாண்டும். கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். பச்சையாக இருக்கும்போதே தின்ன வேண்டியது. மஞ்சளாகும் வரை விட்டால் மாவாகிவிடும். முள் குறைவு. நட்ட முதல் ஆண்டிலேயே நாலு காய் காட்டிவிடும் என்பதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சந்தோஷம்.

காஷ்மீர் ஆப்பிள் இலந்தை என்று சிவப்பு பூசின காயின் படத்தை மாட்டி விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தான். காஷ்மீர் குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சென்னையில் தாராளமாகக் காய்க்கும். வெயில் படுகிற பக்கம் சிவப்பு ஏறும். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம்.

இதைச் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்குபவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நாட்டுப் பழம் தின்று வளர்ந்த நாக்குக்கு இது இலந்தையே இல்லை. ஆனால் அந்த நாக்கு இல்லாத பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கொய்யாவைத் தின்கிற மாதிரி இதைத் தின்கிறார்கள். துண்டு போட்டுச் சாட் மசாலா தூவிக் கொடுத்தால் தட்டு காலியாகிவிடும். வைட்டமின் சி கணக்கிலும் ஆப்பிளைவிட இலந்தை எங்கோ மேலே.

மாடியில் வைக்க இதுவே ஏற்றது. தொட்டி வாழ்க்கைக்கு ஒட்டுச்செடியும் அடங்கிய வளர்ச்சியும் வேண்டும், ஆண்டுதோறும் வெட்டினால் ஐந்தாறு அடியில் நிற்க வேண்டும். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. ஆனால் எடையை மறக்காதீர்கள். வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு பாதி டிரம் 150 கிலோவைத் தாண்டும். தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து எடையைக் குறையுங்கள். தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணோ உத்தரமோ போகிற இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். தரைக்கும் டிரம்முக்கும் நடுவே செங்கல் கொடுத்தால் ஒழுகும் தண்ணீர் தேங்காது. போர் தண்ணீரையே ஊற்றுகிற வீடுகளில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூத்துவிடும். தரையில் இருக்கிற மரம் இதைப் பொருட்படுத்தாது, தொட்டியில் இருப்பது பொருட்படுத்தும். ஐப்பசி மழை வந்து கழுவிவிடும் வரை இடையிடையே நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி உப்பை அடித்துளை வழியாக வெளியேற்ற வேண்டும்.

சீன இலந்தை

உலர்பழக் கடையில் சுருங்கின சிவப்புப் பழமாக வருவது, யுனானி மருந்துக்காரர்கள் உன்னாப் என்று தருவது. அது வேறு இனம். பனி உறைகிற குளிர்காலத்தைத் தாங்கி, வசந்தத்தில் துளிர்க்கிற மரம். சென்னையில் மார்கழி விடியலிலேயே 20 டிகிரிக்குக் கீழே வெகுவாக இறங்குவது அரிது. செடி பிழைத்துக் கிடக்கலாம். நம்பிக் காத்திருக்க வேண்டாம். இணையத்தில் விதைப் பொட்டலமாக விற்பதை வாங்குவது காசுக்குக் கேடு.

வெட்டுவதில்தான் எல்லாம்

எந்த ரகமானாலும் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வெட்டுவீர்களா? இலந்தை அந்த ஆண்டு வந்த புதுக் கிளையில்தான் பூக்கிறது. பழைய கிளையை அப்படியே விட்டால் துளிர் குறையும், காய் சிறுக்கும், மரம் மட்டும் உயர்ந்து மின்கம்பியைத் தொடும். அறுவடை முடிந்த கையோடு, பிப்ரவரி மார்ச்சில், கவாத்து செய்ய வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வீட்டு மரத்துக்கு நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். போன வருடக் கிளைகளைக் கால்வாசி மட்டும் விட்டு வெட்டுங்கள், நெருக்கமாக உள்ளே போகிற கிளைகளை அடியோடு எடுங்கள். பார்க்கப் பழனி மொட்டை மாதிரி இருக்கும். ஆடி வருவதற்குள் மறுபடி பச்சை போர்த்திக்கொள்ளும்.

அடுத்த தொல்லை வெட்டிய முள் கிளைகள். குப்பை வண்டிக்காரர்கள் இதைத் தொடமாட்டார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, சாக்கில் கட்டித் தர வேண்டும். பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் இருந்தால் உங்களுக்கு யோகம். ஆடு முள்ளுக்கு நடுவில் இலையை மட்டும் ஒவ்வொன்றாக உருவித் தின்றுவிடும், உங்களுக்குக் குச்சி மட்டும் மிஞ்சும். முள் குறைந்த ஆப்பிள் இலந்தைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே மதிப்பெண் கூடப் போடலாம்.

பூக்கிற நாட்களைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இலந்தைப் பூ மணக்காது, நாறும். அதற்கு ஈயும் எறும்பும் தேனீயும்தான் விருந்தாளிகள். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் ஆவணி புரட்டாசியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலேயும் வேண்டாம். உதிர்ந்த பழம் கூரையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

புழு இல்லாத இலந்தையைப் பார்த்தவர் இல்லை. பழ ஈ பிஞ்சிலேயே தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும், புழு கொட்டையைச் சுற்றித் தின்று, பழத்தோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி எடுப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுவதும் மருந்தடிப்பதைவிட உருப்படியான வேலை. தரை மரத்தைவிட மாடித் தொட்டியில் இது சுலபம், மண்ணே கொஞ்சம்தானே. மழை நின்று பனி தொடங்கும்போது பிஞ்சின்மேல் வெள்ளை மாவு படிவது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளித்தால் கட்டுப்படும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். 

அளவையும் யோசியுங்கள். தரையில் நிற்கிற நல்ல ஒட்டுமரம் வயதுக்கு வந்த பின் ஆண்டுக்கு 80 கிலோவுக்கு மேல் கொடுக்கும். ஒரு குடும்பம் எவ்வளவு தின்னும்? பழம் வெளியில் வெகுநாள் நிற்காது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கவும், வற்றல் போடவும், ஊறுகாய் போடவும் ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் தரை மரம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குப் பாதி டிரம்மில் வருகிற சில கிலோ போதும் போதும் என்றாகிவிடும்.

மண் இருந்தால் இப்படிச் செய்யலாம்

நர்சரிப் பையிலிருக்கும் ஒட்டுச்செடியைத் தரையில் நடுவதில் ஒரு குறை உண்டு. பைக்குள் ஆணிவேர் சுருண்டிருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு ஆழ வேரின் அருமையை விளக்க வேண்டியதில்லை. விதையை நடும் இடத்திலேயே ஊன்றினால் ஆணிவேர் நேராக இறங்கும். பாலவாக்கம், நீலாங்கரை மாதிரி மணல் பகுதிகளில் இது இன்னும் முக்கியம். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணீர் நிற்கிற மனைகளில், ஒன்றரை அடி மேடு போட்டு அதன்மேல் ஊன்றுங்கள். சில நாள் தண்ணீரை வளர்ந்த இலந்தை தாங்கிவிடும், கன்று தாங்காது.

மூன்றடிக் குழி எடுத்து, மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழு உரம் கலந்து மூடுங்கள். நாட்டுப் பழக் கொட்டைகளைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிட்டு, மூழ்கினதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைப் பக்குவமாகத் தட்டி உடைத்துப் பருப்பை மட்டும் ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். கொட்டையோடு ஊன்றினால் மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு குழிக்கு மூன்று போட்டு, வலுவானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாசி பங்குனியில் ஊன்றியது ஆடி ஆவணிக்குள் பென்சில் பருமன் வந்தால் ஒட்டுக் கட்டலாம். வராவிட்டால் அடுத்த ஆடி வரை விட்டுவிடுங்கள்.

ஒட்டுக்கான மொட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தெரிந்தவர் தோட்டத்து உம்ரானிலிருந்து விரல் நீளக் குச்சி கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மாடியில் ஒரு ஆப்பிள் இலந்தைத் தொட்டி வைத்திருங்கள், அதுவே மொட்டுக்கும் ஆயிற்று. தோலை டி வடிவில் கீறி, மொட்டைச் செருகி, பாலித்தீன் நாடாவால் மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியக் கட்ட வேண்டும். கை பழகாதவர்கள் நர்சரியில் வேலை செய்கிற ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்து வந்தால் முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த வசதி, எல்லாக் கிளையையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. இரண்டு மூன்று கிளைகளில் பெரிய ரகத்தைக் கட்டி, ஒரு நாட்டுக் கிளையை அப்படியே விடுங்கள். பல ஒட்டு ரகங்கள் தம் மகரந்தத்திலேயே நன்றாகக் காய் பிடிப்பதில்லை. பக்கத்தில் வேறு இலந்தை பூத்தால் பிடிப்பு கூடும். அந்த வேலையை நாட்டுக் கிளை பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு மொறுமொறு காய், வீட்டுப் பாட்டிக்கு வடை இடிக்கப் பழம், இரண்டும் ஒரே அடிமரத்தில். நாட்டுக் கிளைக்கு வேகம் அதிகம், விட்டால் ஒட்டுக் கிளைகளை அமுக்கிவிடும். மாசிக் கவாத்தில் அதை மற்றதைவிட ஒரு பிடி கூடவே குறைத்து வெட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே அடிமரத்தில் வருகிற துளிர்களைக் கண்டபோதெல்லாம் கிள்ளி எறியுங்கள்.

கடைச் செடியே வாங்குவதாக இருந்தால், தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். தழும்பு இல்லாத செடி விதைக் கன்று, எந்தப் படத்தை மாட்டி விற்றாலும் சரி. தழும்புக்கு மேலே தளிர் வந்திருக்க வேண்டும்; கீழிருந்து மட்டும் பசேலென்று கிளம்பியிருந்தால் ஒட்டு செத்துவிட்டது, நீங்கள் வாங்கப் போவது நாட்டு இலந்தை. பையைத் தூக்கிப் பார்த்து, அடியில் வேர் கயிறு மாதிரி சுற்றியிருந்தால் அடுத்த செடியைக் கேளுங்கள்.